கிர்கிஸ்தானுக்குக் கிளம்பும் முன்: விசா முதல் குதிரைச் சவாரி வரை

கிர்கிஸ்தான் என்று தமிழில் தேடிப் பாருங்கள். பாதி மருத்துவக் கல்லூரி விளம்பரம், மீதி 'நான்கு இரவு ஐந்து பகல்' பேக்கேஜ் விளம்பரம். சொந்தமாகத் திட்டம் போட்டு மலைப்பக்கம் போய்வர நினைப்பவருக்கு என்ன தாள் வேண்டும், எங்கே வண்டி ஏறுவது, கையில் எவ்வளவு காசு வைத்துக்கொள்வது என்பதைச் சொல்ல ஆளில்லை. நான் கேட்ட முகவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அலைந்து திரிந்த பிறகுதான் எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்பது பிடிபட்டது. அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

நாட்டுக்குள் நுழைந்துவிட்டால் செலவு குறைவு, மக்கள் நல்லவர்கள், பெரிய தொல்லை இல்லை. தலைவலியெல்லாம் நுழைவதற்கு முன்புதான். அப்புறம், நாள் கணக்கில்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

நாட்டின் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் மலை. தலைநகர் பிஷ்கெக்கே கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இஸ்ஸிக்-கூல் ஏரி 1,607 மீட்டர். படங்களில் பார்த்து எல்லோரும் ஆசைப்படும் சோங்-கோல் ஏரி 3,016 மீட்டர். ஆகவே எங்கே போகலாம் என்பதைத் தீர்மானிப்பது பனிதான், நம் லீவு நாள் இல்லை.

பெரும்பாலோர் சிக்கும் இடம் இதுதான். நம் ஊரில் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. அப்போது அங்கே மேலே பனி உருகும் சேறு. சோங்-கோல் பாதை மே கடைசி வரை மூடியே கிடக்கும், மேய்ச்சல்காரர்கள் கூடாரம் போட்டிருக்கவே மாட்டார்கள். ஏப்ரல், மே தவிர வேறு வழியில்லை என்றால் பிஷ்கெக், இஸ்ஸிக்-கூல் கரை, தெற்கே ஓஷ் நகரம் என்று தாழ்வான இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உயரமான புல்வெளி, யூர்ட் கூடாரம், குதிரை எல்லாம் வேண்டுமானால் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம், மதியத்துக்கு மேல் இடிமழையும் வரும். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் வாரம்தான் நல்லது: வானம் தெளிந்திருக்கும், கூடாரமும் இருக்கும், இடமும் கிடைக்கும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை, இஸ்ஸிக்-கூலின் கிழக்கே உள்ள கரகோல் நகரில் பனிச்சறுக்கு உண்டு. ஆனால் அந்த மாதங்களில் பிஷ்கெக்கில் நிலக்கரிப் புகை மூச்சை அடைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் யோசித்துப் போங்கள்.

2. கடவுச்சீட்டில் உங்கள் பெயரைப் பாருங்கள்

பயணம் முடியும் தேதிக்குப் பிறகும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததே.

நம்மவர்களுக்கென்றே உள்ள சிக்கல் வேறு. நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது, கடவுச்சீட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். இணைய விண்ணப்பமோ அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. ஒருவர் தந்தை பெயரைப் போடுவார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு முறை போடுவார், விமான டிக்கெட் எடுத்துக்கொடுத்தவர் மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருப்பார். கடைசியில் விமான நிலைய கவுன்ட்டரில் மூன்று தாளிலும் மூன்று ஆள் நிற்பார்கள்.

செய்ய வேண்டியது இது. கடவுச்சீட்டின் புகைப்படப் பக்கத்தில், அடியில் கோண அடையாளங்கள் நிரம்பிய இரண்டு வரி இருக்கும். எல்லையில் கருவி படிப்பது அதைத்தான். அதில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே விசாவிலும் டிக்கெட்டிலும் போடுங்கள். குடும்பப்பெயர் காலியாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே விசா தளத்தின் உதவி முகவரிக்கு எழுதி எப்படி நிரப்புவது என்று கேளுங்கள். வரும் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் பெயரை இரண்டாகப் பிரித்துப் புதுக் கடவுச்சீட்டே வாங்கிவிடுவது நல்லது, வருங்காலப் பயணங்களுக்கும் உதவும்.

இன்னொன்று: ஒற்றைப் பெயர் உள்ள கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. ஷார்ஜா, துபாய் வழியாகப் போகிறவர்கள் 'அப்படியே ஒரு நாள் ஊரைச் சுற்றிப் பார்ப்போம்' என்று திட்டம் போடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

3. விசா

இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் விசா கட்டாயம். சிங்கப்பூர், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் குறுகிய பயணத்துக்கு விசா இல்லாமலே போகலாம். எத்தனை நாள் தங்கலாம் என்ற வரம்பு மட்டும் அவ்வப்போது மாறுகிறது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இ-விசாவை அந்நாட்டு அரசின் அதிகாரப்பூர்வத் தளத்தில் நீங்களே எடுக்கலாம். முகவரியின் கடைசியில் அந்நாட்டின் அடையாளமான 'கேஜி' என்ற இரண்டெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். தேடுபொறியில் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தனியார் தளங்கள். அரசுச் சின்னம் போலவே ஒன்றை ஒட்டிவைத்து, அதே விண்ணப்பத்துக்கு இரண்டு மடங்கு பணம் பிடுங்குவார்கள்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: கடவுச்சீட்டின் புகைப்படப் பக்கம் (ஓரம் வெட்டுப்படாமல், பளபளப்பு விழாமல் ஸ்கேன் செய்தது), வெள்ளைப் பின்னணிப் புகைப்படம், தங்குமிட முன்பதிவு, உத்தேசப் பயணத் தேதிகள். நம் கடவுச்சீட்டுக்கு அங்குள்ள பயண நிறுவனம் ஒன்றின் அழைப்புக் கடிதத்தையும் பெரும்பாலும் கேட்கிறார்கள். குதிரைப் பயணமோ வண்டியோ ஏற்பாடு செய்யப் போகும் நிறுவனத்திடமே இதைக் கேளுங்கள். தனியாகக் கடிதத்தை மட்டும் வாங்குவதைவிடச் செலவு குறையும், ஏதாவது சிக்கல் என்றால் பேச அங்கே ஒரு ஆளும் இருப்பார்.

கட்டணம், தங்கும் நாளையும் எத்தனை முறை நுழைகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. ஒருமுறை நுழைவுச் சுற்றுலா விசாவுக்கு ஐம்பது, அறுபது டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அழைப்புக் கடிதச் செலவு தனி. சில வேலை நாளில் வந்துவிடும் என்பார்கள். நம்பிவிடாமல், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

வந்ததும் மூன்று விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும். நீங்கள் எந்த நாள் நுழைந்தாலும் அச்சிட்ட முடிவுத் தேதிக்குள் வெளியே வந்தாக வேண்டும். இரண்டு, ஒருமுறை நுழைவா பலமுறையா. நடுவில் கஜகஸ்தானின் அல்மாட்டிக்கு ஒரு எட்டுப் போய்வரலாம் என்று நினைத்தால் ஒருமுறை விசா உதவாது. மூன்று, எந்தெந்த நுழைவாயில்களில் செல்லும் என்பது. இ-விசா எல்லா எல்லைச் சாவடிகளிலும் செல்லாது. விமான நிலையமென்றால் கவலை வேண்டாம், தரைவழியாக வருபவர்கள் தங்கள் சாவடியின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டை எடுக்காதீர்கள்.

4. எல்லைப் பகுதி அனுமதி: விசாவோடு சேர்த்தே கேளுங்கள்

இது விசா இல்லை, தனித் தாள். சீன, தஜிகிஸ்தான் எல்லைகளை ஒட்டிய சில இடங்களுக்கு இது இல்லாமல் போனால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோல்-சூ ஏரி, இனில்செக் பனியாற்றுப் பக்கம், 7,134 மீட்டர் லெனின் சிகரம் ஏறுவது ஆகியவை இதில் அடங்கும். அங்குள்ள பயண நிறுவனங்கள் சிறு கட்டணத்துக்கு எடுத்துத் தருகின்றன. கடவுச்சீட்டு நகலைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள். பிஷ்கெக்கில் இறங்கியபிறகு கேட்டால் விடுமுறை முடியும் தறுவாயில்தான் கைக்கு வரும். சோங்-கோல், கரகோல், இஸ்ஸிக்-கூல் என்ற வழக்கமான வட்டத்துக்கு இது தேவையில்லை.

5. எந்த வழியில் போவது

தமிழ்நாட்டிலிருந்து நேரடி விமானம் இல்லை. மூன்று வழி உண்டு.

டெல்லி போய், அங்கிருந்து பிஷ்கெக். பறக்கும் நேரம் குறைவு. ஆனால் இந்தத் தடத்தில் கால அட்டவணை அடிக்கடி மாறும். சென்னை–டெல்லி, டெல்லி–பிஷ்கெக் இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் நடுவே ஒரு முழு இரவு இடைவெளி விடுங்கள்.

ஷார்ஜா அல்லது துபாய் வழி. சென்னை, கோயம்புத்தூரிலிருந்து ஷார்ஜா போய் அங்கே மாறிக்கொள்ளலாம். சுற்றுவழிதான், ஆனால் ஒரே டிக்கெட்டாகக் கிடைத்தால் பை நேராகப் போய்விடும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதையே சொல்வேன்.

டெல்லியிலிருந்து கஜகஸ்தானின் அல்மாட்டி போய், அங்கிருந்து சாலை வழியாகப் பிஷ்கெக். 2022 ஜூலை முதல் இந்தியர்கள் கஜகஸ்தானில் 14 நாள் விசா இல்லாமல் தங்கலாம் என்பதால் இது நல்ல வழி. சாலைத் தூரம் சுமார் 240 கிலோமீட்டர், எல்லையையும் சேர்த்து நான்கைந்து மணி நேரம். கொர்தாய் எல்லையில் வண்டியிலிருந்து எல்லோரும் பையோடு இறங்கி, சூ ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்து, இரண்டு நாட்டுச் சாவடியிலும் முத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வண்டியைத் தேட வேண்டும். அங்கே ஒரே மாதிரி வெள்ளை வேன்கள் வரிசையாக நிற்கும். ஏறும்போதே வண்டி எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். பெரிய பையை வண்டியிலேயே விட்டுவிட்டு நடக்காதீர்கள்.

கட்டணம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். சென்னையிலிருந்து போய்வர நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் ரூபாய் ஒதுக்கினால் பெரும்பாலும் அதற்குள் முடியும்.

6. பணம்

கணக்குப் போட ஒரு நல்ல வசதி: அந்நாட்டு நாணயம் சோம், சமீப ஆண்டுகளில் ஒரு சோம் கிட்டத்தட்ட ஒரு இந்திய ரூபாய். விலைப்பட்டியலில் 300 என்று இருந்தால் முந்நூறு ரூபாய் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

நம் ஊர் நாணய மாற்றுக் கடைகளில் சோம் கிடைக்காது, டாலராக எடுத்துப் போங்கள். நோட்டு புதிதாக, மடிப்பும் மைக்கறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஓரம் கிழிந்த நூறு டாலரை அங்கே வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் மாற்று விலையைக் குறைப்பார்கள். வீட்டில் பழைய டாலர் இருந்தால் வங்கியில் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். விமான நிலையத்தில் டாக்சிக்கும் சிம் கார்டுக்கும் போதுமான அளவு மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை நகரின் நடுவே இருக்கும் மாற்றுக் கடைகளில் மாற்றுங்கள். அங்கே வாசலிலேயே விலை எழுதியிருப்பார்கள்.

விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் நகர ஏடிஎம்களில் வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள். நம் செல்பேசிப் பணப் பழக்கத்தை விமானத்திலேயே மறந்துவிடுங்கள். சோங்-கோல் போகும் வழியில் உள்ள கோச்கோரையோ, கரகோலையோ தாண்டினால் ரொக்கம்தான். யூர்ட்காரரிடம் 5,000 சோம் நோட்டை நீட்டினால் சில்லறைக்கு அவர் எங்கே போவார்? 200, 500 நோட்டுகளாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு தோராயமாக இப்படி: ஹாஸ்டலில் ஒரு படுக்கை 700 முதல் 1,000 சோம். காலை உணவோடு விருந்தினர் வீட்டில் ஓர் அறை 1,500 முதல் 2,500. யூர்ட்டில் இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு சேர்த்து ஒருவருக்கு 2,000 பக்கம். உணவகத்தில் ஒரு வேளை 250 முதல் 400. ஆக, குதிரை, ஜீப் செலவு தவிர்த்து நாளொன்றுக்கு 3,000, 4,000 சோமில் சிக்கனமாக, ஆனால் பட்டினி இல்லாமல் ஓட்டிவிடலாம்.

7. காப்பீடு, மருந்து, பை

காப்பீட்டில் ஒரே ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: மலையேற்றமும் குதிரைச் சவாரியும் உள்ளடக்கமா, எந்த உயரம் வரை? மலிவான காப்பீடுகள் பலவற்றில் 'சாகச விளையாட்டு' என்று அதை ஒதுக்கியிருப்பார்கள். விற்பவர் வாயால் சொல்வது போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

மூவாயிரம் மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். முதல் நாளே பிஷ்கெக்கிலிருந்து சோங்-கோலுக்கு ஏறிவிடாமல், நடுவில் கோச்கோரில் ஓர் இரவு தங்குங்கள். மருந்து வேண்டுமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மருந்துச்சீட்டோடு கொண்டுபோங்கள், குறிப்பாகத் தூக்க மாத்திரையும் கடும் வலி மாத்திரையும் இருந்தால்.

ஜூலையிலும் மேலே இரவில் குளிர் பூஜ்ஜியத்தைத் தொடும், சில நாள் பனியே விழும். ஊட்டி ஸ்வெட்டர் போதாது. உள்ளே ஒரு கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத மேலங்கி, தொப்பி, கையுறை, கணுக்காலை மூடும் ஷூ. தலையில் கட்டும் விளக்கு அவசியம், கழிப்பறை கூடாரத்திலிருந்து ஐம்பதடி தள்ளி ஒரு மரத் தடுப்புக்குள் இருக்கும். நம் மூன்று முள் பிளக் அங்கே சொருகாது. மெல்லிய இரண்டு முள் சார்ஜர் சொருகும்.

8. பிஷ்கெக்கில் முதல் நாள்

கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளுங்கள். மனாஸ் விமான நிலையத்திலேயே சிம் வாங்கிவிடுங்கள், கடவுச்சீட்டைக் காட்டினால் தருவார்கள். சில நூறு சோமில் வேண்டிய அளவு இணையம் கிடைக்கும். சிம் போட்டதும் யாண்டெக்ஸ் கோ செயலியில் டாக்சி அழையுங்கள். வாசலில் 'டாக்சி, டாக்சி' என்று கையைப் பிடிப்பவர்கள் கேட்பது இரண்டு, மூன்று மடங்கு. 2ஜிஐஎஸ் என்ற வரைபடச் செயலியையும் இறக்குங்கள். நகரப் பேருந்து எண் வரை துல்லியமாகக் காட்டும், இணையம் இல்லாமலும் வேலை செய்யும்.

தங்குமிடத்தில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: 'என் வருகையைப் பதிவு செய்ய வேண்டுமா, நீங்களே செய்வீர்களா?' எந்தக் கடவுச்சீட்டு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்து இந்த விதி மாறும். விடுதிக்காரர்களுக்கு இது தெரியும். பதிவு செய்தால் அதற்கான தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வெளியேறும்வரை தொலைக்காதீர்கள்.

ரஷ்ய எழுத்துகளை விமானத்தில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டு போங்கள். முப்பத்துச் சொச்சம் எழுத்துதான், அதில் பாதி ஆங்கிலம் போலவே இருக்கும். வண்டியில் ஒட்டிய ஊர்ப்பெயரைப் படிக்கத் தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். இளைஞர்களில் சிலர் ஆங்கிலம் பேசுவார்கள், ஓட்டுநர்கள் அநேகமாகப் பேச மாட்டார்கள்.

உடம்பு பழக ஒரு நாளை அலா-அர்ச்சா தேசியப் பூங்காவில் கழியுங்கள். நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான், பனிமலையின் அடிவாரத்துக்கே போய்விடலாம். திரும்பி வரும் டாக்சியையும் போகும்போதே பேசிவிடுங்கள், மேலே செல்பேசிக் கோபுரம் கிடைக்காது.

9. ஊர்விட்டு ஊர்: மார்ஷ்ருத்கா

மார்ஷ்ருத்கா என்பது நம் ஊர் ஷேர் வேன். நேர அட்டவணை பெயருக்குத்தான் இருக்கும், ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். பிஷ்கெக்கின் மேற்குப் பேருந்து நிலையத்திலிருந்து கோச்கோர், கரகோல் எல்லாவற்றுக்கும் போகலாம். வாசலிலேயே ஷேர் டாக்சிக்காரர்கள் 'கரகோல், கரகோல்' என்று சூழ்ந்துகொண்டு, வேன் போய்விட்டது, அடுத்தது நாளைதான் என்பார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே நடங்கள், வேன் நிற்கும். கரகோலுக்கு ஆறேழு மணி நேரம், 500, 600 சோம். அவசரமென்றால் ஷேர் டாக்சியும் மோசமில்லை, விலையை ஏறும் முன் பேசி, ஒரு இருக்கைக்கா முழு வண்டிக்கா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். இதில்தான் தகராறு வரும்.

காலை எட்டு மணிக்கெல்லாம் நிலையத்தில் இருங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் சிறு ஊர்களுக்கு வண்டி கிடைப்பது அதிர்ஷ்டம்.

ஓஷுக்குச் சாலையில் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், மூவாயிரம் மீட்டர் உயரக் கணவாய்களைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. போகும்போது சாலையில் போங்கள், அந்தக் காட்சிக்காக. திரும்பும்போது பறந்து வாருங்கள், உங்கள் முதுகுக்காக. கையில் பத்து நாள்தான் என்றால் ஓஷை இந்தமுறை விட்டுவிடுங்கள். வடக்கையும் தெற்கையும் ஒரே பயணத்தில் திணித்தவர்கள் வண்டியில்தான் நாடு பார்த்திருப்பார்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் வட்டம்: பிஷ்கெக், கோச்கோர், சோங்-கோல், பிறகு இஸ்ஸிக்-கூலின் தென்கரை வழியாகக் கரகோல், வடகரையில் சோல்பொன்-அதா வழியாகத் திரும்பப் பிஷ்கெக். நடுவில் ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் காலியாக விடுங்கள். மழை, பழுதான வண்டி, மூடிய கணவாய், ஏதாவது ஒன்று அந்த நாளைத் தின்றுவிடும்.

10. சோங்-கோலுக்கு ஏறுவது

இரண்டு வழி. கோச்கோரிலிருந்து ஜீப் பிடித்தால் அரை நாளில் ஏரிக்கரை. வயதானவர்கள், சிறு குழந்தைகள் இருந்தால் இதுதான் சரி. செலவு வண்டிக்கு என்பதால், சமூகச் சுற்றுலா அமைப்பான சிபிடியின் கோச்கோர் அலுவலகத்தில் பெயர் கொடுத்து வைத்தால் கூட வருபவர்களைச் சேர்த்துவிடுவார்கள்.

மற்றது குதிரை. கிசார்ட் கிராமத்திலிருந்து இரண்டு இரவு, மூன்று நாள் என்பது வழக்கம். வழிகாட்டி, குதிரை, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒருவருக்குப் பன்னிரண்டாயிரம் முதல் இருபதாயிரம் சோம். வழிகாட்டியின் கூலியைப் பங்கு போடுவதால் ஆள் கூடக்கூடக் குறையும். குதிரை ஏறிப் பழக்கம் வேண்டியதில்லை, அந்தக் குதிரைகளுக்குப் பாதை தெரியும். ஆனால் சேணம் கட்டை மாதிரி. முதல் நாள் மாலை இறங்கும்போது தொடையும் முழங்காலும் நம்முடையதாக இருக்காது. இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம், தளர்வான முழுக்கால் பேன்ட் போடுங்கள். தலைக்கவசம் பெரும்பாலும் தரமாட்டார்கள், பிள்ளைகளோடு போனால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மறக்காமல் கேட்க வேண்டிய இன்னொன்று: முதல் இரவு தங்கும் இடம் ஏரிக்கரையா, கணவாய்க்கு இந்தப் பக்கமா? ஒரே விலை சொல்லும் இரண்டு நிறுவனங்களுக்கு இதில் ஒரு நாள் வித்தியாசம் இருக்கும்.

யூர்ட்டுக்குள் நடுவே ஒரு தகர அடுப்பு. மேலே மரம் இல்லாததால் காய்ந்த சாணியைப் போட்டு எரிப்பார்கள். தரையில் கெட்டியான கம்பளி விரிப்பு, ஓரத்தில் அடுக்கிய மெத்தைகள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்றைப் போர்த்திக்கொண்டால்தான் தூக்கம் வரும். அடுப்பு நள்ளிரவில் அணைந்துவிடும், மறுநாள் போடும் துணியைப் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வாசற்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போங்கள். ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் இரு கையாலும் முகத்தைத் தடவி நன்றி சொல்வார்கள். நீங்களும் செய்தால் பாட்டிமார் முகம் மலர்ந்துவிடும்.

கரகோலிலிருந்து அலா-கோல் ஏரிக்கு நடந்து போவது வேறு வகை. மூன்று நாள், கணவாய் சுமார் 3,900 மீட்டர், அந்தப் பக்கம் இறக்கம் செங்குத்தான சரளைக்கல். முழங்கால் வலி உள்ளவர்கள் வீராப்புக்காகப் போக வேண்டாம். நேராக அல்தின் அரஷான் வெந்நீர் ஊற்றுக்கு ஜீப்பில் போய் ஊறிவிட்டு வரலாம்.

11. சாப்பாடு

அசைவம் சாப்பிடுபவர்களுக்குக் கொண்டாட்டம்: லக்மான் நூடுல்ஸ், மந்தி கொழுக்கட்டை, தந்தூர் அடுப்பிலிருந்து சுடச்சுட வரும் சம்சா. மாட்டிறைச்சியோ குதிரை இறைச்சியோ வேண்டாதவர்கள் கேட்டே சாப்பிடுங்கள். கவ்யாதினா மாடு, கோனினா குதிரை, பரானினா ஆடு, கூரிட்சா கோழி.

சைவம் கஷ்டம், ஆனால் முடியும். 'பெஸ் மியாசா' என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் தருவார்கள். ஆனாலும் குழம்பு இறைச்சிச் சாறாக இருக்கலாம். கரகோலின் அஷ்லியான்-ஃபூ என்ற குளிர்ந்த புளிப்பு நூடுல்ஸ் பெரும்பாலும் இறைச்சி இல்லாதது, முட்டை இருக்கும். யூர்ட்டில் ரொட்டி, பாலேடு, ஜாம், தேநீருக்குக் குறையே இல்லை. முன்பதிவின்போதே சைவம் என்று சொல்லிவிட்டால் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் வதக்கித் தருவார்கள். நான்கு பாக்கெட் பருப்புப்பொடி, ஒரு ஊறுகாய் பாட்டில் பையில் இருக்கட்டும். பிஷ்கெக்கில் ஆயிரக்கணக்கில் இந்திய மருத்துவ மாணவர்கள் படிப்பதால் இந்திய உணவகங்களுக்குப் பஞ்சமில்லை, மலைக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் வயிற்றைச் சரிசெய்துகொள்ளலாம்.

குமிஸ் என்ற புளித்த குதிரைப்பாலைக் கொடுப்பார்கள். ஒரு வாய் குடித்துப் பாருங்கள், ஒரு கிண்ணம் வேண்டாம். மறுநாள் குதிரையில் ஏற வேண்டுமே.

12. பாதுகாப்பு

2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகளை ஒரு கும்பல் தாக்கியது, இந்திய மாணவர்களை வெளியே வரவேண்டாம் என்று தூதரகம் எச்சரித்தது. வீட்டில் பெரியவர்கள் அதைச் சொல்லித்தான் பயப்படுவார்கள். மலைப்பக்கமும் சிற்றூர்களிலும் அந்தப் பதற்றத்தை நான் உணரவில்லை. நகரத்தில் பின்னிரவில் தெருவில் நடக்காமல் டாக்சி பிடியுங்கள், மது விடுதிச் சண்டையில் தலையிடாதீர்கள். பிஷ்கெக் இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணைச் செல்பேசியில் மட்டுமல்ல, தாளிலும் எழுதி வையுங்கள். காவல்துறைக்கு 102, ஆம்புலன்சுக்கு 103. சீருடைக்காரர் கடவுச்சீட்டைக் கேட்டால் முதலில் நகலைக் காட்டுங்கள். பணப்பையைத் திறந்து காட்டச் சொன்னால், காவல் நிலையத்துக்குப் போய்க் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

13. திரும்பும்போது

மலையிலிருந்து இறங்கிய அன்றே விமானம் ஏறுவதுபோல் திட்டம் போடாதீர்கள், கடைசி இரவு பிஷ்கெக்கில் இருக்க வேண்டும். மிச்சமுள்ள சோமை நகரத்திலேயே டாலராக மாற்றிவிடுங்கள், சென்னையில் அதை யாரும் வாங்க மாட்டார்கள். டாக்சிக்கு மட்டும் ஆயிரம் சோம் வைத்துக்கொண்டால் போதும். தேன் வாங்கினால் மூடியை நன்றாக டேப் ஒட்டி, பெரிய பையில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். குருத் என்ற உப்புத் தயிர் உருண்டைகளைக் கைப்பையிலேயே கொண்டுவரலாம். பிஷ்கெக்கின் ஓஷ் பஜாரில் வாங்கும் முன் ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள், நம் வீட்டில் எல்லோருக்கும் அது பிடிக்காது.